மைலோ டின்னில் கிடந்த கடிதங்கள்

வணக்கம் நேயர்களே. நான் லாயாங்-லாயாங்கிலிருந்து வந்திருக்கிறேன். மலேசியாவில் ஜொகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள் இருக்கிற சின்ன ஊர். அங்கே விடிகாலை நான்கு மணிக்கே பல வீடுகளில் விளக்கு எரியும். பால்மரம் (ரப்பர்) வெட்டப் போகிற காலம் எங்கள் அப்பாவோடு முடிந்துவிட்டது. இப்போது எழுந்திருப்பவர்கள் சிங்கப்பூர் வேலைக்கு பஸ் பிடிக்கப் போகிறவர்கள். அந்த வீடுகளில் சிலவற்றில் வெளியே சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது: அங்கே வேலை பார்த்தபோது வாங்கிய வங்கிக் கடனைக் கட்டி முடிக்காமல் திரும்பி வந்தது. நானும் அப்படி வந்தவன்தான், அதனால்தான் பேச ஒப்புக்கொண்டேன்.

சிங்கப்பூரில் ஜூரோங்கில் டெக்னீஷியனாக இருந்தேன், நிரந்தரவாசி அட்டையும் இருந்தது. 2013இல் எங்கள் பிரிவை மூடினார்கள். அதே சமயம் அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் தொடங்க வேண்டியதாயிற்று, ஊருக்கு வந்துவிட்டேன். கிரெடிட் கார்டில் 8,000 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர், பாக்கி. வேலை கிடைத்ததும் கட்டலாம் என்று நினைத்தேன். இங்கே கிடைத்த சம்பளத்தில் கட்ட முடியவில்லை, அப்புறம் கட்டவே இல்லை.

வங்கியில் நான் கொடுத்திருந்த முகவரி அம்மா வீடு. கடிதங்கள் வந்தன. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது, "ஐயா, சிங்கப்பூரிலிருந்து வந்திருக்குப்பா" என்று காட்டுவார், நான் "வைங்கம்மா, அப்புறம் பார்க்கிறேன்" என்பேன், அவர் அதைக் காலியான மைலோ டின்னில் போட்டு சாமி அலமாரிக்குக் கீழே வைத்துவிடுவார். ஐந்து வருடம் இப்படிப் போனது.

2018 கடைசியில் ஒருவன் அம்மாவுக்கே போன் செய்தான். தமிழில்தான் பேசினான். "உங்கள் மகன் எல்லையைத் தாண்டினால் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்" என்றான். டயாலிசிஸ் முடிந்து வந்து படுத்திருந்தவர், எழுந்து உட்கார்ந்து அழுதார். அன்று ராத்திரிதான் அந்த டின்னைத் திறந்தேன்.

இருபத்து மூன்று உறை. தரையில் பாய் போட்டு, தேதி வாரியாக அடுக்கினேன். முதல் நான்கும் வங்கி எழுதியவை. அடுத்தது வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து, அதற்குப் பிறகு வந்தவை கேள்விப்படாத ஒரு வசூல் கம்பெனியின் பெயரில், ஒவ்வொன்றிலும் வேறு வேறு தொகை. இரண்டாவது உறைதான் இன்றைக்கும் என் மனதை அறுக்கிறது. வட்டியைக் குறைத்து மாதத் தவணையாக மாற்றித் தருகிறோம், இரண்டு வாரத்துக்குள் பதில் போடுங்கள் என்று வங்கியே எழுதியிருந்தது. அந்த உறையை யாரும் கிழிக்கவே இல்லை.

சிங்கப்பூர் கார்டுகளுக்கு வருட வட்டி 26 விழுக்காடு அளவில் இருக்கும். 8,000 வெள்ளியைத் தொடாமல் விட்டால் கூட்டு வட்டியில் மூன்றே வருடத்தில் 16,000, தாமதக் கட்டணம் தனி. இதை எல்லாரும் யோசிப்பார்கள், நாணய மாற்றை யோசிக்க மாட்டார்கள். நான் வந்தபோது ஒரு சிங்கப்பூர் வெள்ளி சுமார் இரண்டரை ரிங்கிட், 2019இல் மூன்றைத் தாண்டியிருந்தது. ரிங்கிட்டில் சம்பாதித்துக்கொண்டு வெள்ளியில் கடன் வைத்திருப்பவனுக்கு, வங்கி ஒரு காசு ஏற்றாவிட்டாலும் கடன் தானாக ஏறும்.

சரி, பிடித்து உள்ளே போடுவார்களா? கடனைக் கட்டாதது மட்டுமே சிங்கப்பூரிலும் குற்றம் கிடையாது, மலேசியாவிலும் கிடையாது. அது சிவில் விவகாரம். பொய்யான சம்பளச் சீட்டு கொடுத்துக் கடன் வாங்கியிருந்தால் அது மோசடி, அது வேறு கதை. நீதிமன்றம் நேரில் வரச் சொல்லி உத்தரவு போட்டும் போகாமல் இருந்தால் அதுவும் வேறு கதை. அதனால்தான் கடிதத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்கிறேன். வந்திருப்பது மிரட்டலா நீதிமன்றக் கடிதமா என்று உறையின் வெளியே எழுதியிருக்காது.

இன்னொரு பக்கம், ஊரில் தம்பிகள் சொல்கிறார்களே, "அண்ணே, காஸ்வே தாண்டி வந்துட்டா அவனால ஒண்ணும் செய்ய முடியாது" என்று (காஸ்வே என்பது சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கிற பாலம்), அதை நம்பவே நம்பாதீர்கள். வேறு சில நாடுகளில் வாங்கிய கடனுக்கு அது பாதி உண்மையாக இருக்கலாம், சிங்கப்பூருக்கு இல்லை. 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் பணம் கட்டச் சொல்லித் தீர்ப்புக் கொடுத்தால், ஆறு ஆண்டுக்குள் அதை இங்குள்ள உயர் நீதிமன்றத்தில் பதிந்து, இங்கேயே கொடுத்த தீர்ப்பு மாதிரி நிறைவேற்றலாம். திவால் விஷயம் இன்னும் நெருக்கம். இங்கே 100,000 ரிங்கிட்டுக்குக் குறைந்த கடனுக்கு ஒருவரைத் திவாலாக்கக் கேட்க முடியாது, அங்கே 15,000 வெள்ளியே போதும். திவால் சட்டத்தில் இரண்டு நாடுகளும் ஒன்றை ஒன்று அங்கீகரிக்கிற பிரிவும் உண்டு. அங்கே திவாலானவரின் பெயரில் இங்கே வீடோ நிலமோ இருந்தால், அதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடலாம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம் இருபது வருடம் சேமித்து வாங்கிய தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டை இப்படி ஒரு கார்டுக்காக ஆபத்தில் வைக்கலாமா?

ஆறு வருடக் காலவரம்பைப் பற்றியும் பேச வேண்டும். கடைசியாகப் பணம் கட்டத் தவறிய நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால், பொதுவாக அந்தக் கடனுக்காக நீதிமன்றம் போக முடியாது. இங்கேயும் அங்கேயும் அதுதான் கணக்கு. ஆனால் நடுவில் ஒரு சின்னத் தொகை கட்டினாலும், கடன் என்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும், ஆறு வருடம் முதலிலிருந்து ஓடத் தொடங்கும். "நல்லெண்ணத்துக்கு ஒரு ஐம்பது வெள்ளி போடுங்கள்" என்று வசூல்காரர் கேட்பதில் இதுவும் இருக்கிறது. எனக்கு அப்போது ஐந்து வருடம் தாண்டியிருந்தது, இன்னும் கொஞ்ச நாள் ஒளிந்திரு என்று நெருங்கியவர்களே சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. அம்மாவின் முதல் மாத டயாலிசிஸ் செலவு அந்தக் கார்டில்தான் போனது, வாங்கி அனுபவித்த பணம் அது. நீங்கள் என்ன முடிவு எடுத்தாலும் இந்தக் கணக்கு தெரிந்து எடுங்கள், பயத்தில் எடுக்காதீர்கள்.

நான் செய்ததைச் சொல்கிறேன். வசூல் கம்பெனியோடு பேசவில்லை, வங்கிக்கே மின்னஞ்சல் எழுதினேன். கடன் இன்னும் உங்களிடமா, விற்றுவிட்டீர்களா, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பிரித்துக் கேட்டேன். பதில் வர மூன்று வாரம் ஆனது. பிறகு என் சம்பளச் சீட்டையும் அம்மாவின் மருத்துவச் செலவையும் அனுப்பி, மாதம் எனக்கு முடிந்ததை எழுதினேன். முதலில் மறுத்தார்கள். இரண்டாவது முறை ஒத்துக்கொண்டார்கள்: மொத்தம் 9,000 வெள்ளி, மாதம் 375 வீதம் 24 மாதம். இதோடு கணக்கு முடிந்தது என்று அவர்கள் எழுதிக் கொடுத்த பிறகுதான் முதல் தவணையைக் கட்டினேன். இந்த வரிசையை மாற்றாதீர்கள், முதலில் கடிதம், பிறகு பணம், அதுவும் வங்கியின் கணக்குக்கு, எந்தத் தனி ஆளின் கணக்குக்கும் இல்லை. 2013இலேயே கட்டியிருந்தால் 20,000 ரிங்கிட்டில் முடிந்திருக்கும், எனக்கு 27,000க்கு மேல் ஆனது.

பல வங்கிகளில் கடன் இருந்தால் சிங்கப்பூரில் கிரெடிட் கவுன்சலிங் சிங்கப்பூர் என்ற அமைப்பை அணுகலாம். நம் நாட்டில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை அமைப்பு இலவசமாக ஆலோசனை தருகிறது. அவர்களுடைய கடன் நிர்வாகத் திட்டம் இங்குள்ள வங்கிக் கடன்களுக்குத்தான், ஆனாலும் மாதச் செலவைப் போட்டுப் பார்க்க உதவுவார்கள், போங்கள். காசு வாங்கிக்கொண்டு கடனை அழித்துத் தருகிறேன் என்பவர்களிடம் போக வேண்டாம்.

தயவுசெய்து வங்கிக் கடனை அடைக்க ஆலோங்கிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரரிடம், வாங்காதீர்கள். கூட்டுப் பணத்தையும் (சீட்டுப் பணம்) தொடாதீர்கள், கூட்டு 1971இலிருந்தே சட்டப்படி தடை செய்யப்பட்டது, ஏமாந்தால் கேட்க நாதி இல்லை. சேமநிதியைக் காலி செய்து கட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. இங்கே இபிஎப், அங்கே சிபிஎப், இரண்டிலும் இருக்கிற பணத்தைக் கடன்காரர் பறிக்க முடியாது என்று சட்டமே காப்பாற்றி வைத்திருக்கிறது. பயந்துபோய் நீங்களே எடுத்துக் கொடுத்தால் வயதான காலத்துக்கு என்ன மிஞ்சும்?

ரெங்கம் ஊரில் ஒரு அக்கா, கணவர் இறந்து ஒரு வருடம் கழித்து வந்த போனுக்குப் பயந்து தாலிக்கொடியை அடகு வைத்துப் பணம் அனுப்பினார். ஜாமீன் கையெழுத்துப் போடாத மனைவி கணவரின் கார்டுக் கடனுக்குத் தன் கைப்பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை, பிள்ளைகளும் அப்படித்தான். இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் அதைக் கேட்க முடியும். யாராவது ஒருவர் அந்த அக்காவுக்கு இதை முன்பே சொல்லியிருக்கலாம்.

கணக்கு முடிந்ததும் வங்கி கொடுக்கிற கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். சிங்கப்பூர் கடன் பதிவகத்தில் கட்டி முடித்த பிறகும் மூன்று ஆண்டு அந்தப் பதிவு தெரியும், மறுபடி அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்தக் கடிதம் தேவைப்படும்.

வீட்டில் இருக்கிற அம்மாக்களுக்கு ஒரு விஷயம். இப்படிப் போன் வந்தால் நீங்கள் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அம்மாவுக்கு ஒரே ஒரு வரியைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, போன் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தேன்: "உங்கள் பெயரும் கம்பெனி முகவரியும் சொல்லுங்கள், என் மகன் கடிதம் எழுதுவார்." அடுத்த முறை அவன் அழைத்தபோது அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாக அதைப் படித்தார். முகவரி சொல்லாமலே வைத்துவிட்டான்.

நன்றி, வணக்கம்.