பந்து போடுகிறவரைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பேஸ்பால் பற்றிப் பேசச் சொல்லி அழைத்த நிலையத்தாருக்கு நன்றி. அந்த ஆட்டத்தின் விதிகளை எல்லாம் விளக்கி உங்களைச் சோதிக்கப் போவதில்லை. வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஜூலை மாதத்தில், எல்லா அணிகளின் நட்சத்திர ஆட்டக்காரர்களும் மோதுகிற ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு முந்தின நாள், அமெரிக்காவில் பேஸ்பால் ரசிகர்கள் வீட்டில் டிவி முன்னால் கூட்டம் கூடிவிடும். ஹோம் ரன் டெர்பி என்று பெயர். 1985இல் மினியாபோலிஸில் தொடங்கிய போட்டி.

விஷயம் ரொம்ப எளிது. பந்தை மைதானத்துச் சுவருக்கு அப்பால் தூக்கி அடித்தால் அது ஹோம் ரன். நம் கிரிக்கெட்டில் சிக்ஸர் மாதிரி. எட்டு பேர் வருவார்கள். ஃபீல்டிங்கும் இல்லை, ரன் ஓடுவதும் இல்லை. அடி, அடி, அடி, அவ்வளவுதான். யார் அதிகம் சுவரைத் தாண்டி அடிக்கிறார் என்று எண்ணிக்கொண்டே இருக்கலாம். குழந்தைகளுக்கும் புரியும். நான் பேஸ்பால் கற்றுக்கொண்டதே இப்படித்தான்.

2008இல் வேலை நிமித்தமாக டெக்சாஸில் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணி என்றால் அவருக்கு உயிர். ஜூலை 14ஆம் தேதி சாயங்காலம், "இன்றைக்கு நம்ம பையன் அடிக்கிறான், வா" என்று கூப்பிட்டார். போனேன். மேசையில் ஒரு கிண்ணம் நிறைய வறுத்த சூரியகாந்தி விதை, தோலைத் துப்ப ஒரு காகிதக் கோப்பை, பழைய நோட்டு, பென்சில். நோட்டில் எட்டுப் பேரின் பெயரையும் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்.

அவர் சொன்ன பையன் ஜோஷ் ஹாமில்டன். 1999இல் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்வு செய்யப்பட்டவர். அப்புறம் போதைப் பழக்கத்தில் விழுந்து, தடை வாங்கி, வருஷக் கணக்கில் ஆட்டத்தைத் தொடாமல் இருந்தவர். 2007இல்தான் முதன்முதலாக மேஜர் லீகில், அதாவது அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டத்தில், கால் வைத்தார். அன்றைக்கு நின்றதோ நியூயார்க்கின் பழைய யாங்கி மைதானத்தில். அந்த மைதானத்துக்கு அதுதான் கடைசி சீசன்.

அப்போதைய விதி இது. மட்டையைச் சுழற்றுகிற ஒவ்வொரு வீச்சும் ஒரு ஸ்விங். சுவரைத் தாண்டாத ஒவ்வொரு ஸ்விங்கும் ஓர் அவுட். பத்து அவுட் ஆனால் சுற்று முடிந்தது. மற்றவர்களில் அந்தச் சுற்றில் அதிகம் அடித்தவர்களுக்கே எட்டுதான். ஹாமில்டன் அடிக்க ஆரம்பித்தார். பெரியவர் நோட்டில் கோடு போட்டார். நாலு கோடு, ஐந்தாவது குறுக்கே. ஒரு கட்டு. அப்புறம் இன்னொரு கட்டு. ஒரு கட்டத்தில் தொடர்ந்து 13 ஸ்விங்கும் சுவருக்கு அப்பால் போனது. ஒரு பந்து 518 அடி. நியூயார்க் கூட்டம் எதிரணி ஆட்டக்காரரின் பெயரை எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தது. நானும் சோபாவின் விளிம்புக்கு வந்துவிட்டேன்.

அப்போதுதான் பெரியவர் என் முழங்காலைத் தட்டி, "பந்து பின்னாலேயே போகாதே. அந்தக் கிழவர் கையைப் பார்" என்றார்.

பார்த்தேன். 'எல்' எழுத்து மாதிரி வெட்டிய ஒரு வலைத் தடுப்புக்குப் பின்னால் நரைத்த தலை. கிளே கவுன்சில், 71 வயது. தொழில்முறை ஆட்டக்காரர் கிடையாது. வட கரோலினாவில் ஹாமில்டன் சின்னப் பையனாக இருந்த காலத்தில் அவருக்குப் பயிற்சிப் பந்து போட்டவர். ஒருநாள் டெர்பிக்குப் போனால் நீங்கள்தான் பந்து போட வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாராம் ஹாமில்டன். சொன்னபடி அழைத்து வந்துவிட்டார். கவுன்சில் கையை உயர்த்துவார், பந்து கிளம்பும், உடனே வலைக்குப் பின்னால் ஒதுங்குவார். அடுத்த பந்தை எடுப்பார். மறுபடியும் அதே இடம், அதே உயரம், அதே வேகம். ஐம்பதாயிரம் பேர் அலறுகிற இடத்தில் அந்தக் கை ஒரே சீராக இருந்தது.

இதை யோசித்துப் பாருங்கள். ஆட்டத்தில் பந்து போடுகிறவரின் வேலை அடிக்க விடாமல் செய்வது. இந்த ஒரு ராத்திரி மட்டும் அடிக்கக் கொடுப்பதுதான் வேலை. அது லேசான வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். கை கொஞ்சம் தப்பினால் பந்து தாழ்ந்துபோகும், அடிக்கிறவர் தாளம் கெட்டுவிடும். சீசன் முழுக்க ஒவ்வொரு அணியிலும் இதைச் செய்கிற பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். மத்தியான வெயிலில், கூட்டம் வருவதற்கு முன்னால், பந்து பந்தாகப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். அவர்களை டிவி காட்டுவது இந்த ராத்திரியில்தான்.

அந்தச் சுற்று முடிந்தபோது பெரியவர் நோட்டில் ஐந்து கட்டும் மூன்று கோடும் இருந்தன. 28. அதுவரை யாரும் ஒரு சுற்றில் அவ்வளவு அடித்ததில்லை. ஆனால் கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை. இறுதிச் சுற்றில் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மினசோட்டாவின் ஜஸ்டின் மோர்னோ ஐந்து அடித்தார், ஹாமில்டன் மூன்று. மொத்தக் கணக்கில் 35க்கு 22 என்று முன்னால் இருந்தவர் தோற்றார். பெரியவர் துளியும் வருத்தப்படவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அந்தப் பக்கத்தை மெதுவாகத் தடவிப் பார்த்தார்.

அதற்கப்புறம் எந்த ஊரில் இருந்தாலும் டெர்பியை விட்டதில்லை. என் கண் முதலில் போவது பந்து போடுகிறவரிடம்தான். 2011இல் ஃபீனிக்ஸில் ராபின்சன் கனோ வென்றார். பந்து போட்டது அவர் அப்பா ஹோசே, அவரும் ஒரு காலத்தில் ஹியூஸ்டனுக்காகப் பந்து வீசியவர். 2018இல் வாஷிங்டனில் பிரைஸ் ஹார்ப்பருக்கும் அப்பாதான். அதற்குள் அவுட்டுக்குப் பதில் நேரக் கணக்கு வந்துவிட்டது. கடைசி ஒரு நிமிடத்தில் ஒன்பது ஹோம் ரன். முந்தின பந்து தரையில் விழும் முன்பே அப்பா அடுத்ததைப் போட்டுவிட்டார், அது விதிமீறல் என்று மறுநாள் சண்டை வேறு. 2021இல் டென்வரில் பீட் அலான்சோ முதல் சுற்றில் 35 அடித்தபோது டேவ் ஜாஸ் என்ற பயிற்சியாளர் ஒரே இடத்தில் ஆணி அடித்த மாதிரி பந்தை இறக்கிக்கொண்டிருந்தார்.

ஒரு மனக்குறையையும் சொல்லிவிடுகிறேன். 2015இல் பத்து அவுட் முறையை எடுத்துவிட்டு கடிகாரம் வைத்தார்கள். விறுவிறுப்பு கூடியது உண்மைதான். ஆனால் ஒரு பந்து எங்கே விழுகிறது என்று பார்த்து முடிப்பதற்குள் அடுத்தது கிளம்பிவிடுகிறது. டிவியில் திரையை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். எந்தப் பக்கம் பார்ப்பது? பந்து வானத்தில் ஏறி, ஒரு நொடி நின்ற மாதிரி இருந்து, கேலரியில் போய் விழுவதைப் பார்க்கத்தானே உட்கார்ந்திருக்கிறோம்? 2024இல் ஒரு சுற்றுக்கு இத்தனை பந்துதான் என்று வரம்பு வைத்த பிறகு கொஞ்சம் நிதானம் வந்திருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

2025இல் டெர்பி அட்லாண்டாவில் நடந்தது. தேதி மறுபடியும் ஜூலை 14. சியாட்டிலின் கேல் ராலி முதல் சுற்றில் இடது, வலது இரண்டு பக்கமும் நின்று அடித்தார். 17 அடித்து இன்னொருவருடன் சமனாக நின்றார். அப்படி வந்தால், யார் அடித்த பந்து தூரமாகப் போனது என்று பார்ப்பார்கள். வித்தியாசம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு! அந்த அங்குலத்தில் தப்பித்து, கடைசியில் கோப்பையையும் வாங்கினார். டெர்பியை வென்ற முதல் கேட்சர் (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) அவர்தான். வலைக்குப் பின்னால் பந்து போட்டவர் அவருடைய அப்பா, முன்னாள் கல்லூரிப் பயிற்சியாளர். மட்டைக்குப் பின்னால் கேட்சராகக் குந்தியிருந்தது 15 வயதுத் தம்பி. மகன் பக்கம் மாறும்போதெல்லாம் அப்பாவும் தன் குறியை மாற்றிக்கொள்ள வேண்டும்.

அன்று ராத்திரியே டெக்சாஸுக்குப் போன் போட்டேன். பெரியவருக்கு எண்பது தாண்டிவிட்டது. கை நடுங்குகிறது, கோடு நேராக வரவில்லை என்றார். ஆனாலும் எண்ணியிருக்கிறார். அந்தத் தம்பிப் பையன் அடுத்து எந்தப் பள்ளிக்கூட அணியில் ஆடுகிறான், விசாரித்துச் சொல் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். இன்னும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.