ஒரே எஞ்சின், ரெண்டு கரண்ட்! மலையேறிய 12 கூட்ஸ் எஞ்சின்கள்

(கடலூர் ஓ.டி. ஜங்ஷன் நடைமேடை)

வணக்கம் மக்களே! என் தலைக்கு மேல போற இந்தக் கம்பியில 25,000 வோல்ட் ஏசி, அதாவது திசை மாறி மாறி ஓடுற கரண்ட். இதுலயும் ஓடும், ஒரே திசையில ஓடுற கரண்டான டிசி, வெறும் 1,500 வோல்ட் இருக்கிற கம்பியிலயும் ஓடும்னு ஒரு கூட்ஸ் எஞ்சின் இந்தியாவுக்குன்னே செஞ்சாங்க. பேரு டபிள்யூசிஏஜி-1. பெல் நிறுவனம் கட்டினது, மொத்தமே 12 தான். ஷெட் மும்பை பக்கம் கல்யாண்.

பின்னணி சீக்கிரமா பாத்துடுவோம். 1925 பிப்ரவரி 3, பம்பாய் விடி (விக்டோரியா டெர்மினஸ்) - குர்லா, நாட்டோட முதல் மின்சார ரயில். அது 1,500 டிசி. பின்னாடி நாடே 25,000 ஏசிக்குப் போயிடுச்சு, மும்பை மட்டும் டிசியிலயே நின்னுச்சு. எல்லை இகத்புரி. அங்க டிசி எஞ்சினைக் கழட்டி ஏசி எஞ்சினை மாட்ட வேண்டியிருந்துச்சு. ரெண்டு கரண்ட்லயும் ஓடுற எஞ்சின்னா அந்த வேலை மிச்சம்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு. பேனா எடுத்துக்கங்க.

ஒரு கூட்ஸ் எஞ்சின் 4,000 கிலோவாட் இழுக்குதுன்னு வைங்க. 25,000 வோல்ட்ல அதுக்கு 160 ஆம்பியர் போதும். வீட்டுல ஏர் கண்டிஷனர் மாட்டுற 16 ஆம்பியர் பிளக் பத்து, அவ்வளவுதான்! அதே வேலைய 1,500 வோல்ட்ல செய்ய? கிட்டத்தட்ட 2,670 ஆம்பியர். கிட்டத்தட்ட 167 பிளக்! இன்னும் இருக்கு. கம்பி சூடாகிறது ஆம்பியரோட வர்க்கத்துல ஏறும். அதனால அதே கம்பியில வீணாகிற சூடு சுமார் 278 மடங்கு. டிசி லைன்ல கம்பி தடிமனாவும், சப்ஸ்டேஷன் கிட்டக் கிட்டவும் இருந்ததுக்குக் காரணம் இதுதான்.

இதுல ஒரு கொடுமை பாருங்க. மும்பையிலிருந்து இகத்புரிக்குப் போற வழியில கசாராவைத் தாண்டினா தால் காட்ங்கிற மலைப்பாதை. 37 மீட்டர் போனா 1 மீட்டர் ஏறும். எஞ்சின் முழு மூச்சா இழுக்க வேண்டிய அந்த ஏத்தம் பூரா அப்போ டிசி கம்பி! மேல போய்ச் சேர்ந்த பிறகுதான் ஏசி வந்துச்சு. அந்த ஏத்தத்துக்காகவே இந்த எஞ்சின் மேல எனக்குத் தனி மரியாதை.

உள்ள என்ன நடக்குது? ஏசி வந்தா டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜைக் குறைக்கும், ரெக்டிஃபையர் டிசியாக்கும், அப்புறம் மோட்டார். டிசி வந்தா அந்த ரெண்டுக்கும் வேலையில்ல. கரண்டைக் கட்டுப்படுத்துற ரெசிஸ்டன்ஸ் போட்டு, மோட்டார்களைத் தொடராவும் இணையாவும் மாத்திக் கோத்து வேகத்தைக் கூட்டுவாங்க.

நம்ம பக்கம் இப்படி ஒண்ணு ஏன் வரல? மெட்ராஸ் பீச் - தாம்பரமும் 1931-லிருந்து 1,500 டிசி தான். 1960-கள்ல தாம்பரத்துலேருந்து விழுப்புரம் வரைக்கும் மீட்டர் கேஜ்ல 25,000 ஏசி இழுத்தாங்க. அதே பத்தாண்டுல பழைய டிசி பகுதியையும் ஏசியாக்கிட்டாங்க. அருமையான முடிவுன்னு நான் சொல்வேன். ஓயாம லோக்கல் ஓடுற மும்பையில அது லேசுல முடியாது. அங்க கடைசி டிசி லோக்கல் ஓடினது 2016 ஏப்ரல்ல! அதோட டபிள்யூசிஏஜி-1-ல டிசிக்குன்னு இருந்த பாதிக்கு வேலையே இல்லாமப் போச்சு.

விழுப்புரம் லைன்ல ஓடின மீட்டர் கேஜ் எஞ்சின் ஒய்ஏஎம்-1, ஜப்பான்லேருந்து வந்த 20. அதை ஓட்டினவங்க உங்க வீட்டுல இருந்தா கமெண்ட்ல எழுதுங்க, அடுத்த வீடியோ அதைப் பத்திதான். சப்ஸ்கிரைபும் பண்ணிடுங்க!