நீர்யானையின் மூக்கு

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மற்ற வணக்கங்களை மூட்டையாகக் கட்டி இந்த மேடை ஓரத்தில் வைத்துவிடுகிறேன், உரியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

"பிள்ளைகள் விலங்குகளை அறிய ஏற்ற இடம் வகுப்பறையா, மிருகக்காட்சி சாலையா?" இதுதான் தலைப்பு. நான் மிருகக்காட்சி சாலைக் கட்சி. எனக்கு முன்னால் வகுப்பறைக்காகப் பேசிய சகோதரி ஒரு குண்டைப் போட்டுவிட்டுப் போனார். "அண்ணன் பள்ளிப் பிள்ளைகள் குரங்கைப் பார்க்க பஸ் பிடித்துத் திருவனந்தபுரம் போக வேண்டியதில்லை; அண்ணன் வகுப்புக்குள் நுழைந்தாலே போதும்" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். மூன்றாவது வரிசையில் என் மனைவி இருக்கிறார், அவரும் தட்டினார். பார்த்துவிட்டேன்.

குரங்கு என்றதில் எனக்கு வருத்தமில்லை. எந்தக் குரங்கு என்று சொல்லவில்லையே, அதுதான் வருத்தம். நாட்டுக்குரங்கா? கொடுத்ததையெல்லாம் கன்னப் பைக்குள் அடக்கிக்கொண்டு ஓடி, ஓரமாக உட்கார்ந்து நிதானமாகத் தின்னும். கருமந்தியா? அதற்குக் கன்னப் பையே கிடையாது. இலை தின்னும், அந்த இலையைச் செரிக்க வயிறு அறை அறையாகப் பிரிந்திருக்கும். சிங்கவால் குரங்கா? நம் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகில் வேறெந்தக் காட்டிலும் அது இல்லை. முகத்தைச் சுற்றியுள்ள நரைத்த பிடரியால் அந்தப் பெயர் வந்தது என்று சகோதரி நினைத்திருப்பார். இல்லையம்மா, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதைப் போலக் குஞ்சம்! உங்கள் புத்தகத்தில் முகத்தை மட்டும் அச்சடித்திருப்பார்கள். வால் பக்கத்துக்கு வெளியே போயிருக்கும். இனம் தெரியாமல் பொதுவாகக் "குரங்கு" என்கிறீர்களே, அதுதான் வகுப்பறைப் படிப்பு. ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு வந்து கேட்டிருந்தால் என் இனத்தை நானே சொல்லியிருப்பேன்.

கூண்டில் அடைத்த விலங்கிடம் என்ன படிக்க முடியும் என்றும் கேட்டார். நியாயமான கேள்வி. பிறகு வருகிறேன்.

திருவனந்தபுரம் மிருகக்காட்சி சாலை 1857-இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கியது. அப்போது அது குமரி மாவட்டத்துக்காரர்களான நமக்கும் சொந்த ராஜ்யத்து மிருகசாலை. 1956 நவம்பர் 1-இல் நாம் தமிழ்நாட்டுக்கு வந்தோம். சிங்கமும் புலியும் அந்தப் பக்கம் நின்றுவிட்டன. அதனால் எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

அப்படித்தான் ஏழாம் வகுப்பை அழைத்துப் போனேன். பன்னிரண்டு ஆண்டுகளாக நான் நீர்யானை நடத்துகிறேன். "தாவர உண்ணி, ஆப்பிரிக்காவில் வாழ்வது, இரண்டு மதிப்பெண்." சுவரில் தொங்கும் அட்டையில் ஒரு கட்டத்தில் அணில், பக்கத்துக் கட்டத்தில் நீர்யானை, இரண்டும் ஒரே அளவு. அங்கே போனால் தொட்டியில் தண்ணீர் மட்டும் கிடக்கிறது. பிள்ளைகள் என்னைப் பார்க்கிறார்கள். நான் தண்ணீரைப் பார்க்கிறேன். திடீரென்று இரண்டு துளை மேலே வந்தது. புஸ்ஸென்று ஒரு மூச்சு. பின்னாலேயே ஒன்றரை டன் எழுந்தது. நான்கு அடி பின்னால் போனவர் அறிவியல் ஆசிரியர்.

தூத்தூர்க் கரைப் பையன் ஒருவன் மட்டும் கம்பியைப் பிடித்தபடி நின்றான். "சார், மூக்கை மூடிக்கொண்டு முங்குகிறது பாருங்கள். எங்கள் கடலில் ஓங்கலும் இப்படித்தான். இது ஓங்கலுக்குச் சொந்தக்காரனா?" என்றான். ஓங்கல் என்றால் டால்பின். "டேய், அது கடல், இது காடு, வரிசையில் நில்" என்று அதட்டினேன். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். நீர்யானைக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு பன்றியல்ல, யானையல்ல, திமிங்கிலமும் ஓங்கலும்தான்! ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பிரிந்த பங்காளிகள்.

பின்வரிசைக்காக மறுபடி சொல்கிறேன். மரபணுவைப் பிரித்துப் படித்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்த உறவை, கம்பியைப் பிடித்து நின்ற பையன் மூக்கை வைத்துப் பிடித்துவிட்டான். பிடித்தவனை வரிசையில் நிற்கச் சொன்னவன் நான். சகோதரியே, இப்போது என்னைக் குரங்கு என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மறுநாள் வகுப்பில் எழுந்து நின்று தவறு என்னுடையது என்றேன். பையன் பெருமைப்படவில்லை. "சார், அடுத்த வருடமும் அது அங்கேயே இருக்குமா?" என்று மட்டும் கேட்டான். ஏனடா என்றேன். "அப்பாவுக்குக் காட்ட வேண்டும்" என்றான். அவன் அப்பா ஆழ்கடலுக்குச் சுறா பிடிக்கப் போகிறவர். போனால் கரைக்கு வர ஒரு மாதத்துக்கு மேலாகும். அவர் வரும் நாளில் பையனுக்குப் பள்ளி. பள்ளி விடுமுறையில் அவர் கடலில். பையன் நீர்யானையை நோட்டில் வரைந்து, மூக்குக்கு மட்டும் இரண்டு தடவை வண்ணம் தீட்டி வைத்திருந்தான்.

அடுத்த ஆண்டு சுற்றுலா பஸ் புறப்படும் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் வாசலில் வந்து நின்றார். "சார், எனக்கு ஓர் இடம் கிடைக்குமா? நின்றுகொண்டே வருவேன்" என்றார். ஏற்றிக்கொண்டோம்.

தொட்டிக்கு முன்னால் மகன் சொல்கிறான்: "அப்பா, மூக்கைப் பாருங்கள்." அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். மகன் பாடம் நடத்துகிறான்; கடலையே கரைத்துக் குடித்த அந்த மனிதர் தலையாட்டிக் கேட்கிறார். மற்ற பிள்ளைகளெல்லாம் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், இப்போது நீங்கள் மணியடிக்கிறீர்களே நடுவர் அவர்களே, அதைப் போல. நாங்கள் யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.