எலக்ட்ரிக் பியானோ வாசித்தவர் பேர் என்ன?

தலைமை தாங்கும் ஐயா அவர்களே, கூடத்தையும் மைக்கையும் கொடுத்த நூலகர் அம்மா அவர்களே, முக்கால் மணி நேரம் பேசியும் ஒருவரையும் எழுந்து போகவிடாத பேராசிரியர் அவர்களே, பொன்னாடை போர்த்திய வாசகர் வட்டத் தம்பிகளே, வணக்கம். யார் பேரையாவது விட்டிருந்தால் மன்னியுங்கள். இன்றைக்குப் பேச்சே விட்டுப்போன பேர்களைப் பற்றித்தான்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: ஒரு பாடகி, ஒரு ஸ்டூடியோ, அப்புறம் காப்புரிமை. ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும், இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அரேதா ஃபிராங்க்ளின், அமெரிக்கப் பாடகி, பாதிரியார் மகள். கொலம்பியா இசைத்தட்டு கம்பெனியில் ஆறு வருஷம் பாடியும் பெரிய ஹிட் அமையவில்லை. அட்லாண்டிக் என்கிற இன்னொரு கம்பெனிக்கு மாறியதும் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் அவரை அலபாமாவில் மசில் ஷோல்ஸ் என்கிற சின்ன ஊருக்கு, ஃபேம் ஸ்டூடியோவுக்குக் கூட்டிப் போனார். 1967 ஜனவரி 24. வாசிக்க உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கத்து வெள்ளைக்காரப் பையன்கள். பாட்டு பிடிபடவே இல்லை, ஆளுக்கொரு பக்கம் தடவுகிறார்கள், நேரம் ஓடுகிறது. அப்போதுதான் ஸ்பூனர் ஓல்டம் என்கிறவர் வுர்லிட்சர் எலக்ட்ரிக் பியானோவில் சின்னதாக ஒரு துணுக்கு போட்டார், டிரம்ஸில் ரோஜர் ஹாக்கின்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார், பாட்டு கிளம்பிவிட்டது! தேர் நகர்ந்தது, பார்த்தீர்களா?

ஆனால் தேர் நிலைக்கு வரவில்லை. சரக்கு உள்ளே போனது, டிரம்பெட்காரருக்கும் அரேதாவின் கணவருக்கும் தகராறு, அது ராத்திரி ஹோட்டல் வரைக்கும் போனது. ஒரு வாரத்துக்குத் திட்டம் போட்ட ரெக்கார்டிங் ஒரே நாளில் முடிந்தது. கையில் இருந்தது முழுசாக ஒரு பாட்டு, அரைகுறையாக ஒன்று. வெக்ஸ்லர் விடவில்லை, அந்தப் பையன்களை நியூயார்க்குக்கே வரவழைத்தார். ஓட்டிஸ் ரெட்டிங் என்கிற பாடகரின் 'ரெஸ்பெக்ட்' பாட்டு அங்கேதான் அரேதாவின் சொத்தானது. நடுவில் வரும் சாக்ஸஃபோன் கிங் கர்ட்டிஸ், பின்குரல் அரேதாவின் தங்கை கரோலினும் அக்கா எர்மாவும். மார்ச்சில் ஆல்பம் வந்தது.

இன்றைக்கு ஃபோனில் பாட்டு கேட்கிற ஆப்பில், அலபாமாவில் முடிந்த அந்தப் பாட்டைப் போட்டால் அரேதா பேர் பெரிதாக வருகிறது, ஓல்டம் பேரைத் தேடித்தான் எடுக்கணும். இங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? எங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸில் உபயதாரர் பேர் நாற்பது, நாதஸ்வரத்துக்குக் கீழே தவில்காரர் வெறும் 'குழுவினர்'. ஊர் கூடி இழுத்த தேருக்கு ஒருவர் பேர் மட்டும் போதுமா?

காப்புரிமை பற்றியும் சொல்ல வந்தேன், தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். சரி. பக்கவாத்தியக்காரர் பேரையும் போடச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன், வாசலில் நோட்டு இருக்கிறது. கிறுக்கிவிட்டுப் போகாமல், உங்கள் பேர் படிக்கிற மாதிரி எழுதுங்கள்.