நேற்றைய பாட்டு இன்றைக்கு உதவாது

நேயர்களுக்கு வணக்கம். "அன்றாட வாழ்வில் கலையும் ஆளுமை வளர்ச்சியும்" என்பது வானொலி நிலையத்தார் எனக்குத் தந்த தலைப்பு. 33 ஆண்டுகள் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தவள் நான். எவ்வளவு பெரிய தலைப்பானாலும் அதைச் சின்னப் பிள்ளையின் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துத்தான் எனக்குப் பேச வரும். அதனால் திருகோணமலை உப்புவெளிக் கரையிலிருந்து தொடங்குகிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. மாரி ஓய்ந்து கடல் அடங்கி, கரைவலை தொடங்கிவிட்ட காலம். அம்மம்மா விடியமுன் எழுந்து பனையோலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு மீன் வாங்கப் போவார். நான் அவருடைய சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு போவேன். கரைவலை இழுப்பதை இந்தக் கடற்கரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குதிகால் மணலில் புதையும், உடம்பு பின்னால் சாயும், ஒருவர் பாட மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்குவார்கள். அம்பா என்பார்கள் அந்தப் பாட்டை.

எங்கள் கரையில் அம்பா எடுத்தவர் ஒரு முதியவர். மெலிந்த உடம்பு, ஒரு கண்ணில் வெண்படலம். இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் காய்ச்சலில் படுத்த நாளில் மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வரவே பொழுது ஏறிவிடும் என்று அம்மம்மா சொல்வார்.

ஒருநாள் ஓர் இளைஞன் பிந்தி வந்தான். யாரும் காணாதபடி கயிற்றின் கடைசியில் போய்ச் சேர்ந்துகொண்டான். முதியவர் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டு மட்டும் திரும்பியது:

முந்திவந்த தோளுக்கு முதற்கயிறு — ஏலேலோ
பிந்திவந்த காலுக்கு ஈரமணல் — ஏலேலோ

கரை முழுக்கச் சிரிப்பு. பிந்தி வந்தவனே எல்லாரையும்விட உரக்க "ஏலேலோ" சொன்னான். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி வாய் திறக்கவில்லை, திறக்கத் தேவையும் இருக்கவில்லை. ஒருவனைக் கண்டிக்கவும் வேண்டும், அவன் முகம் வாடாமல் அணைத்துக்கொள்ளவும் வேண்டும். இரண்டையும் இரண்டு வரியில் செய்துவிட்டார் அந்த மனிதர்.

அன்று முழுவதும் வீட்டில் அதையே பாடிக்கொண்டு திரிந்தேன். மறுநாள் மீண்டும் கேட்கலாமென்று ஓடினேன். அவர் அதைப் பாடவில்லை. எங்களைக் கண்டதும் வேறொன்று எடுத்தார்:

பெட்டி பெரிது பேத்தி சிறிது — ஏலேலோ
பேரம் பேசப் பொழுது பெரிது — ஏலேலோ

அம்மம்மாவுக்குச் சிரிப்பு. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலை கரையேறிய பிறகு அவரிடம் போய், "அப்பு, நேற்றைய பாட்டை ஏன் பாடவில்லை?" என்று கேட்டேன்.

"நேற்றைய பாட்டு இன்றைக்கு உதவாது, பிள்ளை. நேற்று நீர் வடக்கே இழுத்தது. இன்று தெற்கே இழுக்கிறது. கயிறு வேறு பாரம்" என்றார்.

பிறகு ஈரக் கயிற்றை என் கையில் தந்து காட்டித் தந்தார். வலை தூரத்தில் இருக்கும்போது சொல்லை நீட்ட வேண்டும். நீட்டினால்தான் இருபது பேரும் ஒரே மூச்சில் சாய முடியும். மடி கிட்ட வரும்போது சொல் குறுகி, ஓட வேண்டும். அந்த நேரத்தில் சிரிப்பு மூட்டும் வரி வரவே கூடாது. சிரித்தால் பிடி தளரும், பிடி தளர்ந்தால் சூடை மீனும் கீரி மீனும் கடலுக்கே திரும்பிவிடும். பகிடி எல்லாம் வலை தூரத்தில் இருக்கும்போதுதான். யாப்பும் அணியும் பிற்காலத்தில் நானும் படித்தேன். ஆனால் எந்தச் சொல்லை எப்போது சொல்வது, எப்போது அடக்குவது என்பதை அந்த ஈரக் கயிறு சொல்லித் தந்த அளவுக்கு எந்த வகுப்பும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். புலவர் என்று அவரை யாரும் அழைத்ததில்லை. கயிறு இழுத்த மற்றவர்களுக்குக் கிடைத்த பங்குதான் அவருக்கும். வேலை முடிந்து ஓய்வு கிடைத்தால் பாடலாம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வேலைக்குள்ளேயே, தோளில் பாரம் ஏறிய அதே நேரத்தில், கண்ணுக்கு முன்னால் இருந்ததை எடுத்துப் பாடினார். "நேரம் கிடைத்தால் நானும் எழுதுவேன், வரைவேன்" என்று என்னிடம் சொல்பவர்களுக்கெல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறேன். கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிற்காலத்தில் பல கரைகளில் உழவு இயந்திரம் கயிற்றை இழுக்கத் தொடங்கியது. பாட்டுக்காக இயந்திரத்தை விடுங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை, தோள் என்னுடையதல்ல. கிண்ணியாப் பாதையும் அப்படித்தான். மூத்தவர்களுக்கு நினைவிருக்கும், பாதை என்று நாங்கள் சொன்னது வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரை போகும் அந்த மிதவையை. நான் அந்தப் பக்கம் படிப்பித்த காலத்தில் ஒரு காலை, பன்பாய்க் கட்டுடன் நின்ற ஒரு முஸ்லிம் மூதாட்டி என்னைப் பார்த்து விடுகதையாக ஒரு நொடி போட்டார்: "டீச்சர், நாங்கள் நிற்கிறோம், பாதை நடக்கிறது. அது என்ன பாதை?" விடையின் மேலேயே நின்றுகொண்டு நான் விழித்தேன்! 2009இல் பாலம் வந்தது. இரவில் நோயாளியோடு கரையில் காத்து நின்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். பாலம் வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் காத்து நின்ற வேளையில் நொடி போட்ட வாய்க்கு இப்போது எங்கே இடம் என்பதுதான் என் கவலை.

நான் என் வகுப்பில் இடம் கொடுத்தேன். தினமும் வரவு இடாப்புக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு பிள்ளை எழுந்து, வரும் வழியில் கண்டதை ஒரு வரியில் சொல்ல வேண்டும். மற்றவர்கள் "ஏலேலோ" சொல்வார்கள். ஒரே ஒரு விதி: நேற்றைய பாட்டு இன்றைக்கு உதவாது. முதல் இரண்டு கிழமையும் சூரியன் உதித்தது, பூ மலர்ந்தது, கிளி பறந்தது. எல்லாம் பாடப் புத்தகத்துச் சூரியன், பாடப் புத்தகத்துக் கிளி. மூன்றாம் கிழமை ஒரு பையன் எழுந்து, "எங்கள் கிணற்று வாளிக்கு ஒரு காது இல்லை" என்றான். வகுப்பே அவன் பக்கம் திரும்பியது. மறுநாள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு வாளியை, படலையை, அம்மாவின் சுளகை உற்றுப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

பார்வையிட வந்த ஓர் அதிகாரி, இது எந்தப் பாடத்தில் வரும் என்று கேட்டார். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்கு இது உதவுமா என்று பெற்றோரும் கேட்டார்கள். கேட்டவர்களில் பிழையில்லை. மறுநாளும் வரி சொன்னோம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிறுத்திவிட்டேன். பாடசாலை மீண்டும் திறந்தபோது பிள்ளைகள் இருந்த வாங்குகளில் இடைவெளி இருந்தது. வரும் வழியில் என்ன கண்டாய் என்று எந்த வாயால் கேட்பது? சில நாள் அப்படியே போயிற்று. ஒரு காலை, நான் கேட்காமலே ஒரு சிறுமி எழுந்து நின்றாள். "எங்கள் தென்னை உச்சியில் வலை தொங்குகிறது, டீச்சர்" என்றாள். வகுப்பு கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு, மிகவும் மெதுவாக, "ஏலேலோ" என்றது.

நான் இடாப்பை எடுத்துப் பெயர் கூப்பிட்டேன்.

அம்பாவைச் சிரிப்புக்கும் சுறுசுறுப்புக்கும் உரியதென்று அதுவரை நினைத்திருந்தேன். பாரம் இழுப்பதற்கென்றே பிறந்த பாட்டு அது என்பது அந்தக் காலையில்தான் எனக்கு உறைத்தது.

கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. கும்பத்தைப் பற்றிப் பேசவென்று இரண்டு பக்கம் எழுதி வந்தேன், அவ்வளவும் கையிலேயே இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்கிறேன். நவராத்திரிக்கு நமது ஊரில் கும்பம் வைக்கும் இளைஞர்களே, கும்பத்தை அலங்கரித்துக் கட்டத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் தெருவில் இன்னும் இருக்கிறார்கள். அலங்காரத்தை விலைக்கு வாங்குவதற்கு முன்னால் அவர்களை ஒரு மாலை அழைத்து உட்கார வையுங்கள்.

உப்புவெளி, சல்லி, நிலாவெளிப் பக்கத்தில் அம்பா எடுத்த கை யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், வரிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரியைப் பாடியபோது வலை எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதையும் மறக்காமல் கேளுங்கள். வணக்கம்.