முறுக்கிக்கொண்ட விரல்கள்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வேறு இரண்டு நிகழ்ச்சிகளை ஒத்திவைத்துவிட்டு இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்க வந்திருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, உள்ளதோடு இல்லாததையும் சேர்த்து வரவேற்புரை வழங்கிய நூலகர் ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, தம் பள்ளி மாணவர்களை வரிசை குலையாமல் அழைத்து வந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, நாற்காலிகளைத் தந்து உதவிய வர்த்தகர் சங்கப் பெரியவர்களே, ஊசி போடுகிறவர்கள் என்று மட்டும் ஊர் நினைத்துக்கொண்டிருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். ஒலிபெருக்கித் தம்பி, கொஞ்சம் இரைகிறது, குறைத்து வையுங்கள். தலைவர் அவர்கள் இந்த மாலையை எனக்குப் போட்டதைவிட அந்தக் காசை நூலகத்துக்குக் கொடுத்திருக்கலாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் அவரே நூலகத்துக்கு ஓர் அலமாரி தருவதாக அறிவித்துவிட்டார். அதற்கும் நன்றி.

'ஒரு மனிதரை உருவாக்கிய அனுபவம்' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நான் எடுத்துக்கொண்டவர் நம் கரிசல்காட்டுக்காரர், மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. மூன்று செய்திகள் சொல்வதாக உத்தேசம். ஒன்று, அவருடைய விரல்கள். இரண்டு, அவர் 11 கட்டில்களோடு ஆரம்பித்த கதை. மூன்று, குழந்தைகளுக்கு வரும் வைட்டமின் ஏ குறைபாடு. இடையில் என் வழக்கமான சங்கதியான கண்தானமும் வரும். பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள், ஏற்கெனவே கேட்டவர்கள் போலிருக்கிறது. என் பழமொழியும் உங்களுக்குத் தெரிந்ததுதான்: கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரம். 1918 அக்டோபர் 1-ஆம் தேதி விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறக்கிறார். படிக்கிற காலத்தில் தாள் கிடையாது, பென்சில் கிடையாது. ஆற்று மணலை அள்ளி வந்து தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதுவார்கள். அந்த ஆள்காட்டி விரலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவேன்.

சிறுவனாக இருக்கும்போதே உறவுப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றில் இறந்துபோகிறார்கள். பக்கத்தில் ஒரு டாக்டர் கிடையாது. டாக்டருக்குத்தான் படிப்பேன், பிரசவம் பார்க்கிற டாக்டராக வருவேன் என்று பையன் முடிவு கட்டுகிறான். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் மருத்துவப் பட்டம் வாங்கி, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்கிறார். முப்பது வயது நெருங்கும்போது வருகிறது முடக்குவாதம். நம் வீட்டுப் பாட்டிகள் மழைக்காலத்தில் முழங்காலைத் தடவிக்கொண்டு சொல்கிற மூட்டுவலி வேறு. இது உடம்பின் காவல்படையே திசைமாறித் தன் மூட்டுகளைத் தாக்குகிற நோய். முதலில் கை விரல் கணுக்கள் வீங்கும். காலையில் எழுந்தால் விரலை மடக்க முடியாது. வீக்கம் தொடர்ந்தால் மூட்டைப் பிடித்து நிறுத்தும் நார்கள் தளர்ந்து, விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிடும். ஒருமுறை சாய்ந்த விரல் எந்தத் தைலத்துக்கும் நிமிராது. 1948-இல் ராணுவம் அவரை விடுவித்துவிட்டது. மாதக்கணக்கில் படுக்கை. நிற்க முடியவில்லை. பேனா பிடிக்க முடியவில்லை. மணலில் எழுதிய அதே விரல்.

இதுபோன்ற கையோடு பிரசவம் பார்க்க முடியாது. ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுக்கக் கை பலம் வேண்டும். அந்தக் கனவு அங்கேயே முடிந்தது. மேடையில் இந்த இடத்தில் நிறுத்தி, 'நோய் அவரைச் செதுக்கியது' என்று சொன்னால் கைதட்டல் வரும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். 1948-இல் முடக்குவாதம் வந்தவர் இவர் ஒருவர்தானா? அத்தனை பேருமா டாக்டர் வெங்கடசாமி ஆனார்கள்? அதற்குப் பிறகு அவர் எடுத்த பயிற்சியைத்தான் பார்க்க வேண்டும்.

எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் கண் மருத்துவம் படிக்கிறார். 1951-இல் பட்டயம், 1954-இல் மேற்பட்டம். கண் அறுவைக்குக் கை பலம் தேவையில்லை, நிதானம்தான் தேவை என்று பலர் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் காலத்துக் கண்புரை அறுவை எப்படி நடந்தது என்று தெரிந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மாணவர்கள் கவனியுங்கள்.

கண்ணின் முன்பக்கத்தை மூடியிருக்கும் தெளிவான படலத்தைத்தான் கருவிழி என்கிறேன். அதன் குறுக்களவு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. அதன் விளிம்பில் மெல்லிய நீண்ட கத்தியை ஒரு பக்கம் நுழைத்து, மறுபக்கம் முனையை வெளியே எடுத்து, மேல்நோக்கி அரைவட்டமாக அறுத்துவர வேண்டும். பாதியில் தயங்கிக் கத்தியைப் பின்னுக்கு இழுத்தால் கண்ணின் முன்னறையில் இருக்கும் நீர் வடிந்துவிடும். நீர் வடிந்தால் கருவிழிக்குப் பின்னால் இருக்கும் திரை முன்னால் வந்து கத்தி வாயில் விழும். அறுத்த வாய் வழியாக, புரை விழுந்த லென்ஸை அதன் உறையோடு முழுசாகப் பிடித்து ஆட்டி ஆட்டி வெளியே கொண்டுவர வேண்டும். பிடி இறுகினால் உறை கிழியும். விழிக்கோளத்தின் மேல் ஒரு விரல் கூடுதலாக அழுந்தினால், பின்னால் இருக்கும் பளிங்கு ஜெல்லி பிதுங்கி வந்துவிடும். அது வந்தால் அந்தக் கண்ணுக்கு ஆபத்து. அப்புறம் தையல். நோயாளி நாள்கணக்கில் தலையை அசைக்காமல் மல்லாந்து கிடக்க வேண்டும், அசையாமலிருக்கத் தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. வீட்டுக்குப் போகும்போது சோடாபுட்டிக் கண்ணாடி.

இத்தனையையும் சாய்ந்து முறுக்கிக்கொண்ட விரல்களோடு செய்யப் பழகினார். கத்தியைப் பிடிக்க மறுபடி கற்றுக்கொண்டார். தம் கைக்கு ஏற்ற கருவிகளைத் தாமே வடிவமைத்துக்கொண்டார். கருவியின் காம்பு எந்தக் கோணத்தில் இருந்தால் எந்த இரண்டு விரலுக்கு நடுவே நிற்கும் என்பது அவரவர் கைக்குத்தான் தெரியும். அந்தக் கைகளால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகள் செய்தார் என்பது பதிவான செய்தி. 1973-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தலைவர் அவர்கள் கைதட்டுகிறார், நாமும் தட்டுவோம்.

இன்னொரு காரியமும் செய்தார், எனக்கு முக்கியம் அதுதான். நோயாளி வரட்டும் என்று உட்கார்ந்திருக்கவில்லை. 1956-லிருந்து மதுரை அரசு மருத்துவமனையில் கண் பிரிவுக்குத் தலைவர். அங்கே வந்து சேர்கிறவர்களில் பாதிப் பேர், கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்ய வந்தவர்கள். பஸ் செலவு, கூட வர ஆள் இல்லாமை, வயசானால் பார்வை போகும்தானே என்ற நினைப்பு. இவை மூன்றும் சேர்ந்து ஆளை வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்த்திவிடும். ஆகவே ஊர் ஊராகக் கண் முகாம். மருத்துவமனையே கிளம்பி ஊருக்குப் போனது.

1976-இல் ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 கட்டில்கள். ஆறு பணம் தர முடியாதவர்களுக்கு, ஐந்து தர முடிந்தவர்களுக்கு. இரண்டாவது செய்தி இதுதான். இந்த ஆறுக்கு ஐந்து என்ற கணக்கு எப்படி நின்றது என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஆனால் கடிகாரம் என்னை முறைக்கிறது. ஒன்றை மட்டும் தொட்டுவிட்டுப் போகிறேன். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஏழைக்கு எட்டாத விலை. 1992-இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலையைத் தொடங்கி இங்கேயே செய்தார்கள், விலை இறங்கியது. ஆக, கண்புரைக்கு வேண்டிய பொருளைத் தொழிற்சாலை செய்து தரும்.

என் சங்கதி இங்கேதான் ஆரம்பம். லென்ஸுக்கு முன்னால் இருக்கும் கருவிழி வெளுத்துப்போனால் எந்தத் தொழிற்சாலையிடம் போவது? செயற்கைக் கருவிழி இருக்கிறது, ஆனால் அதைச் சில தனிப்பட்ட நோயாளிகளுக்குத்தான் வைக்கிறார்கள். மற்றவர்களுக்கெல்லாம் இன்னொரு மனிதர் இறந்த பிறகு கொடுத்தால்தான் உண்டு.

கருவிழி எப்படிக் கெடுகிறது? நம் ஊரில் கதிர் அடிக்கும்போது உமியோ சோளத்தோகையோ கண்ணைக் கீறும். கீறலில் பூஞ்சைக் காளான் இறங்கும். உடனே ஒருவர் தாய்ப்பால் விடுவார், ஒருவர் விளக்கெண்ணெய் விடுவார், ஒருவர் நாக்கால் துழாவித் தூசி எடுப்பார். நான்காமவர் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் ஒரு சொட்டு மருந்து வாங்கி வருவார். அதில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறையும், வலி குறையும், உள்ளே காளான் தழைக்கும். பத்து நாள் கழித்துக் கருவிழியில் வெள்ளைப் புண். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். உமி பட்டால் கசக்காமல் சுத்தமான தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தைக் குழந்தை அமுக்கும், வெடித்துக் கண்ணில் பீச்சும். டாக்டரிடம் ஓடுவதற்கு முன்னால் குழாயடியில் கண்ணைத் திறந்து பிடித்து அரை மணி நேரம் தண்ணீர் விட வேண்டும். மேல் இமையைத் திருப்பி, ஒட்டியிருக்கும் துணுக்கை ஈரப் பஞ்சால் எடுக்க வேண்டும். சுண்ணாம்பு ஒட்டியிருக்கும்வரை வேகவைத்துக்கொண்டே இருக்கும். உலகத்தில் முதன்முதலாக வெற்றி கண்ட கருவிழி மாற்று அறுவையும் சுண்ணாம்பால் கண் வெந்த ஒரு கூலித் தொழிலாளிக்குத்தான் நடந்தது. 1905 டிசம்பர் 7, இன்று செக் நாட்டில் இருக்கும் ஓலோமோத்ஸ் நகரம், டாக்டர் எடுவார்ட் சிர்ம். கொடுத்தது அடிபட்டதால் எடுக்க வேண்டியிருந்த ஒரு 11 வயதுச் சிறுவனின் கண். நம் நாட்டின் முதல் கண் வங்கியோ 1945-இல் அதே எழும்பூர் கண் மருத்துவமனையில், டாக்டர் முத்தையா முயற்சியில் வந்தது.

ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை கண்தான இருவாரம். ஊர்வலம், பதாகை, ஆயிரக்கணக்கில் படிவம். வட்டாட்சியர் அம்மா பொறுத்துக்கொள்ள வேண்டும், எனக்கு இந்தப் படிவங்களில் நம்பிக்கை குறைந்துவிட்டது. படிவத்தில் கையெழுத்துப் போட்டவர் இறக்கும்போது அது பீரோவில் பத்திரங்களுக்கு அடியில் இருக்கும். போட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், இறந்த பிறகு சம்மதம் சொல்ல வேண்டியது வீட்டார். எனக்கு வேண்டியது தெருவுக்கு ஓர் ஆள். துக்க வீட்டுக்கு முதல் அரை மணி நேரத்தில் போய்க் கேட்கிற ஆள்.

ஏன் அவ்வளவு அவசரம்? கருவிழி அரை மில்லிமீட்டர் கனம். அதன் உட்புறத்தில் ஒரே ஒரு வரிசை உயிரணுக்கள். கிணற்றில் மோட்டார் போட்டு இறைக்கிற மாதிரி, கருவிழிக்குள் ஊறும் நீரை அவை இறைத்துக்கொண்டே இருக்கின்றன. அதனால்தான் அது கண்ணாடி போல இருக்கிறது. இறந்த பின் மோட்டார்கள் ஒவ்வொன்றாக நிற்கும், செத்த மோட்டார் திரும்ப முளைக்காது. ஆகவே ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், கோடையில் இன்னும் சீக்கிரம். எடுத்ததை உரிய திரவத்தில் போட்டுக் குளிரில் வைத்தால் திரவத்தைப் பொறுத்து நான்கு நாளும் தாங்கும், பதினான்கு நாளும் தாங்கும். துக்க வீட்டில் கிடக்கும்போதுதான் தாங்காது. 'பெரியவன் பெங்களூரிலிருந்து வரட்டும், கேட்டுச் சொல்கிறோம்' என்றால் பெரியவன் வருவான், கருவிழி இருக்காது.

போகிற ஆள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அழுதுகொண்டிருக்கிறவரிடம் கேட்காதீர்கள். வாசலில் ஐஸ் பெட்டிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும் மருமகனிடமோ தம்பியிடமோ, "மாமா கண்ணைக் கொடுக்கலாமா, அத்தைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும், வற்புறுத்தினால் அடுத்த வீட்டிலும் கதவு சாத்திக்கொள்ளும். சரி என்றால் கண் வங்கிக்குப் போன். வயது, இறந்த நேரம், காரணம், வீட்டுக்கு வழி, இரண்டு தொலைபேசி எண்கள். பிறகு இமைகளை மூடி, நனைத்துப் பிழிந்த பஞ்சை மேலே வையுங்கள், காய்ந்தால் மாற்றுங்கள். தலைக்கு நேரே சுற்றும் மின்விசிறியை நிறுத்துங்கள். தலையணை வைத்துத் தலையை அரை அடி உயர்த்துங்கள், இல்லாவிட்டால் ரத்தம் தலைப் பக்கம் தேங்கி, எடுக்கும்போது கசியும். குளிப்பாட்டும் சடங்கைக் குழுவினர் போன பிறகு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், சீயக்காய் கண்ணில் இறங்கிவிடும். மருத்துவமனைச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். சாட்சிக் கையெழுத்துக்கு இரண்டு பேர் நிற்கட்டும்.

வருகிறவர்களுக்கு ஓர் அறையும் வெளிச்சமும் இருபது நிமிடமும் போதும். பரிசோதனைக்குக் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். இப்போது பல இடங்களில் கருவிழியை மட்டும் அகற்றுகிறார்கள். முழுக் கண்ணை எடுத்தாலும் உள்ளே மூடி பொருத்தி இமையை மூடிவிடுவார்கள், முகம் குழி விழாது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்ணாடி, புரை அறுவை எதுவும் தடையில்லை. வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், பி, சி வகை மஞ்சள் காமாலை, ரத்தத்தில் கிருமி பரவிய நிலை, ரத்தப் புற்றுநோய் என்றால் கொடுக்க முடியாது. சந்தேகமா, போனைப் போடுங்கள், முடிவை அவர்கள் சொல்லட்டும். ரத்த வகை பொருந்த வேண்டும் என்பதில்லை, கருவிழிக்கு ரத்தக் குழாயே கிடையாது. விழித்திரையோ கண் நரம்போ கெட்டவருக்கு இதனால் பார்வை வராது என்பதையும் சொல்லிவிடுங்கள், ஏமாந்துபோவார்கள்.

கண்ணப்ப நாயனாரைச் சொல்லாமல் இப்படி ஒரு கூட்டம் முடிந்ததில்லை. இன்று விட்டுவிட்டேன், ஆன்மிகப் பெரியவர்கள் மன்னிக்கவும். அவர் உயிரோடு இருக்கும்போது பிடுங்கிக் கொடுத்தார். நாம் கேட்பது அந்த அளவுக்கு இல்லை, கண் கெட்ட பிறகு அல்ல, கண் மூடிய பிறகு.

மூன்றாவது செய்தியான வைட்டமின் ஏ-க்கு நேரமில்லை என்று நூலகர் ஐயா துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார். முருங்கைக்கீரையைப் பற்றித் தலைமையாசிரியர் பள்ளியிலேயே சொல்லிவிடுவார் என்று நம்புகிறேன். வாசலில் மேசை போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். படிவம் இல்லை, நோட்டு. எந்தத் தெருவுக்கு யார் போவது என்று பெயரும் எண்ணும் எழுத வேண்டும். கீழரத வீதிக்கும் காலனிக்கும் இன்னும் ஆள் இல்லை. நன்றியுரை சொல்ல வர்த்தகர் சங்கச் செயலாளர் எழுந்துவிட்டார், அவர் எந்தத் தெரு என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.