சொல்வதை எழுதுபவர்: பார்வையற்ற மாணவருக்குத் தேர்வு எழுதப் போவது எப்படி?

[காட்சி: கல்லூரி வராண்டா. வெள்ளைக் கோலுடன் ஒரு மாணவர், காதில் செல்போன்.]

காலை 9.40. பத்து மணிக்கு செமஸ்டர் தேர்வு. இந்த மாணவர் பாடம் முழுவதையும் ஆடியோவாகக் கேட்டே படித்து முடித்திருக்கிறார். கேள்வி வந்தால் போதும், பதில் வரிசையாக வந்துவிடும். ஆனால் ஹாலுக்குள் அவரால் போக முடியவில்லை. எழுத வருகிறேன் என்று சொன்னவர் போனை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் யாரும் கிடைக்காவிட்டால், நன்றாகப் படித்த பாடத்தில் அரியர்.

வணக்கம். கைநிறையப் பணம் இல்லாமலேயே செய்யக்கூடிய ஒரு தொண்டைப் பற்றித்தான் இந்த வீடியோ. மாணவர்கள் இதை ஸ்கிரைப் என்பார்கள். அரசுத் தேர்வுத் துறை வைத்திருக்கும் பெயர் 'சொல்வதை எழுதுபவர்'. எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும். வேலை என்ன என்பது பெயரிலேயே இருக்கிறது. அவர் சொல்வார், நாம் எழுதுவோம்.

இது யாரோ இரக்கப்பட்டுத் தரும் சலுகை கிடையாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 17-லேயே கூடுதல் நேரமும் எழுத ஒரு ஆளும் சொல்லப்பட்டிருக்கிறது. மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல். மூன்று மணி நேரத் தேர்வு நான்கு மணி நேரமாகும். பார்வையற்றவர்களுக்கு மட்டும்தான் என்றும் இல்லை. எழுதும்போது கை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு தேர்வர் வழக்குப் போட்டு, 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஸ்கிரைப் வைத்துக்கொள்ளும் உரிமையைப் பெற்றார்.

சரி, சட்டம் இருக்கிறது. ஆள் எங்கே?

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு எழுத ஆசிரியர்களைத் தேர்வுத் துறையே நியமித்துவிடும். கல்லூரிக்குள் வந்த பிறகுதான் திண்டாட்டம். பெரும்பாலும் மாணவரே ஆள் தேட வேண்டும். ஒரு செமஸ்டருக்கு ஐந்தாறு தாள் என்றால் ஐந்தாறு நாள். எல்லாம் வார நாள், வேலைக்குப் போகிறவர்களால் வர முடியாத நேரம். படிக்க வேண்டிய கடைசி வாரத்தில் பாதி, போன் போட்டே போய்விடுகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறாது.

அப்புறம், யார் வேண்டுமானாலும் எழுதிவிட முடியாது. 2018-ல் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில், தேர்வரே அழைத்து வரும் ஸ்கிரைபின் படிப்பு அவருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்று இருந்தது. அதன் பிறகும் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொரு கல்லூரியும் ஒவ்வொரு மாதிரி கேட்கும். அந்தப் பாடத்தைப் படித்தவர் வரக்கூடாது என்பார்கள் பல இடங்களில். அதனால் முதலிலேயே மாணவரிடம் கேட்டுவிடுங்கள்: "தம்பி, உங்க காலேஜ்ல என்ன படிச்சவங்க வரணும்? என்னென்ன கொண்டு வரணும்?" பெரும்பாலும் ஆதார் நகல், கல்விச் சான்றிதழ் நகல், போட்டோ. இப்போதுதான் பிளஸ் டூ முடித்துக் கல்லூரி சேர்ந்திருக்கிறீர்களா? உங்களைத்தான் எல்லோரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

[காட்சி: கேள்வித்தாள், அருகில் இரண்டு நாற்காலிகள்.]

இப்போது தேர்வு அறைக்குள் போவோம்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து கூட்டிப் போகிறீர்கள் என்றால் அவர் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடந்தால் போதும், படி ஏறுவதும் இறங்குவதும் அவருக்குத் தானாகத் தெரிந்துவிடும்.

கேள்வித்தாள் வந்ததும் முழுவதையும் ஒரு தடவை படித்துக் காட்டுங்கள். பகுதி வாரியாக, எத்தனைக்கு எத்தனை எழுத வேண்டும், ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்பதையும் சேர்த்து. நடுவில் வரும் 'அல்லது' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நாம் தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொள்வோம். அவர் அதை மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு மதிப்பெண் கேள்வியில் நான்கு விடைகளையும் ஒரே குரலில் படியுங்கள். சரியான விடை நமக்குத் தெரிந்திருந்தால் அந்த இடத்தில் குரல் கொஞ்சம் அழுந்தும், நமக்கே தெரியாது. முதல் முறை போனபோது நான் இதைத்தான் செய்தேன். மூன்றாவது கேள்வியிலேயே அந்தத் தம்பி மெதுவாகச் சொன்னார்: "அக்கா, எல்லாத்தையும் ஒரே மாதிரி படிங்க. எனக்குத் தெரியும்." அன்றைக்கு அவர் சொன்னதை இன்றுவரை மறக்கவில்லை. எத்தனையோ ராத்திரி உட்கார்ந்து படித்த படிப்பு அது, நான் அதில் ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது.

அவர் சொல்லும் விடை தப்பு என்று தெரிந்தாலும் அப்படியே எழுத வேண்டும். முதலில் இது கஷ்டமாக இருக்கும், கை தயங்கும். திருத்தினால் அது முறைகேடு, மாட்டிக்கொள்வது அவரும்தான். அதேபோல, அவர் அழகாகச் சொன்ன வாக்கியத்தைச் சுருக்கி எழுதுவதும் தப்புதான். வேகம் போதவில்லை என்றால் வாயைத் திறந்து சொல்லுங்கள், "கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்க" என்று.

தமிழில் எழுதும்போது இன்னொன்று இருக்கிறது. பேச்சில் மனமும் மணமும் பல பேர் வாயில் ஒரே மாதிரிதான் ஒலிக்கும். பணியும் பனியும் அப்படியே. சந்தேகம் வந்தால் "ரெண்டு சுழியா, மூணு சுழியா?" என்று கேளுங்கள். பிரெயிலில் படித்தவருக்கு ஒவ்வொரு எழுத்தும் விரல் நுனியில் இருக்கும், உடனே சொல்லிவிடுவார். திரையில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டும் மென்பொருளான திரைவாசிப்பான் வழியாகக் கேட்டே படித்தவர் அந்தச் சொல்லை எழுத்தாகத் தொட்டுப் பார்த்திருக்கவே மாட்டார், கொஞ்சம் யோசிப்பார். அவசரப்படுத்தாதீர்கள்.

பத்தி முடிந்ததும் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். நான்கு மணி நேரம் தொடர்ந்து எழுதினால் விரல் மரத்துப்போகும், தண்ணீர் பாட்டில் கட்டாயம் எடுத்துப் போங்கள். பேனா இரண்டு.

வார நாளில் வரவே முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. பாடப்புத்தகத்தைப் படித்து ஆடியோவாகப் பதிவு செய்து தரலாம். அமைதியான ஒரு அறையும் செல்போனும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம். அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது தட்டச்சு. கல்லூரிகளில் கைமாறும் தமிழ் நோட்ஸ் பல இன்னும் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் இருக்கின்றன. நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், ஆனால் திரைவாசிப்பான் அதைத் தொடர்பில்லாத ஆங்கில எழுத்துகளாக வாசிக்கும். அதை யூனிகோடுக்கு மாற்றி, மாற்றும்போது விழுந்த பிழைகளைத் திருத்திக் கொடுத்தால், அந்த நோட்ஸ் அடுத்தடுத்த வருடத்து மாணவர்களுக்கும் போய்ச் சேரும். இரவு பத்து மணிக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை இது.

எங்கே போய்ச் சொல்வது? பக்கத்துக் கல்லூரியில் விசாரியுங்கள். சென்னை மாநிலக் கல்லூரி மாதிரி, பார்வையற்ற மாணவர்கள் நிறையப் படிக்கும் இடங்களில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் தேடல் நடக்கும். உங்கள் ஊர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். மாணவர்களே நடத்தும் வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன, ஒருவரைத் தெரிந்தால் போதும், எண்ணைச் சேர்த்துவிடுவார்கள். தேர்வுகள் பெரும்பாலும் நவம்பரிலும் ஏப்ரலிலும் வரும். அதற்கு ஒரு மாதம் முன்பே, எந்தெந்தத் தேதி முடியும் என்று சொல்லிவிடுங்கள்.

முடியாது என்றால் அதையும் முன்பே சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு முன்னால் வரும் 'முடியாது' அவருக்கு உதவிதான், வேறு ஆளைத் தேடிக்கொள்வார். காய்ச்சல் வந்துவிட்டால், உங்களுக்குப் பதிலாக ஒருவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் படுங்கள்.

[காட்சி: விடைத்தாளின் முதல் பக்கம்.]

கடைசி மணி அடிப்பதற்கு முன் இன்னொரு வேலை. முதல் பக்கத்துக்குத் திரும்பி, பதிவு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அவருக்குப் படித்துக் காட்டுங்கள். அவர் "சரி" என்று சொன்ன பிறகு தாளைக் கொடுங்கள்.